பெண் தொட்ட இரும்பு

எங்கள் பக்கத்தில் என்னைவிடக் கூராக இரும்பு தீட்டியவர்கள் யாரும் இல்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில் மரவேலை செய்யும் எந்த வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள். வாயால் சொல்ல மனமில்லாதவர்கள்கூட உளியைத் துணியில் சுற்றி என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியதுண்டு. அது எப்படி ஆயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன். அதில் ஒரு மேஸ்திரிக்கு முன்னங்கையில் முடி போன கதையும் வரும்.

என் வீட்டுக்காரர் பனையேறி. அவர் ஏறுவார், அக்கானி இறக்குவார். பதநீரை எங்கள் பக்கம் அக்கானி என்போம். நான் அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவேன். பாளை அரிவாளைத் தீட்டுவதும் என் வேலை. பெரும்பாலான வீடுகளில் ஆண்களே தீட்டிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் கல்யாணமான புதிதில் அவர் தீட்டுவதைப் பார்த்துப் பொறுக்காமல் ஒரு நாள் கையிலிருந்து பிடுங்கினேன். பிறகு திருப்பிக் கொடுக்கவே இல்லை.

பாளை சீவுவது விறகு வெட்டுவது போன்ற காரியம் இல்லை. பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். அரிவாள் மொட்டையாக இருந்தால் பாளை நசுங்கும், அக்கானி நின்றுவிடும். அதனால் முதலில் கல்லில் தீட்டுவோம். பிறகு ஒரு மெத்தென்ற மரப்பலகையில் வெள்ளாரங்கல்லை இடித்துச் சலித்த பொடியைத் தூவி, அதன்மேல் அரிவாளை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுப்போம். வெள்ளாரங்கல் என்பது காட்டில் வெள்ளைவெளேரென்று கிடக்குமே, அந்தக் கல். அந்தப் பொடியில் ஏறிய கூர் சவரக்கத்தியைத் தோற்கடிக்கும்.

கூர் பார்ப்பதற்கு அவருடைய இடது முன்னங்கை இருந்தது. அரிவாளை லேசாக வைத்து ஓட்டினால் முடி தானாக உதிர வேண்டும். உதிராவிட்டால் மறுபடியும் பலகைக்குப் போவேன். அவர் கையில் அந்த இடம் எப்போதும் வழவழவென்று இருக்கும்.

"தீட்டின மரத்துல கூர் பாக்கக் கூடாதுன்னு சொல்லுவினும். நீ தாலி கெட்டின கையிலயாக்கும் கூர் பாக்கிய," என்று சிரிப்பார். கையை மட்டும் இழுக்க மாட்டார்.

அப்போதுதான் நிலச்சட்டம் வந்தது. பெரிய வீட்டுக்காரரின் நிலத்து ஓரத்தில் ஓலைக்குடில் கட்டியிருந்த எங்களுக்கு, குடிகிடப்பு என்ற பெயரில் குடில் நின்ற பத்து சென்ட் சொந்தமானது. அதுவரை ஒரு வாழைக்கன்று வைக்கவும் கேட்க வேண்டும். பத்து சென்ட் எங்களுக்கு என்று ஆன அன்று நான் எல்லையோரமாகவே சுற்றிச் சுற்றி நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு, இவளுக்குப் பைத்தியமோ என்றுகூடத் தோன்றியிருக்கும். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் அவர் ஏறிக்கொண்டிருந்த பனைகள் பத்து சென்டுக்கு வெளியே நின்றன. குடிலுக்கு உரிமை கேட்டவன் நாளைக்குப் பனைக்கும் உரிமை கேட்பான் என்று யாரோ பெரிய வீட்டுக்காரரின் காதில் ஓதிவிட்டார்கள். ஒரே வெயில்காலத்தில் பனைகளையெல்லாம் வெட்டிச் சாய்த்தார். அந்த இடம் முழுக்க ரப்பர் வைத்தார். எங்களுக்கு மண் கிடைத்தது, மரம் போயிற்று. என் வீட்டுக்காரர் வேலியோரம் நின்று பனைகள் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவருக்கு.

ஊரில் ஆண்கள் பேர்ஷியாவுக்குப் போகத் தொடங்கிய காலம் அது. கல்ஃப் என்ற சொல் பிற்பாடு வந்தது. முதலில் எங்களுக்கு எல்லாம் பேர்ஷியாதான். போனவர்கள் அனுப்பியதில் ரோட்டோரம் வீடுகள் எழும்பின. கான்கிரீட் மேற்கூரை, மொசைக் தரை, அயனி மரப் பலகையில் கதவு. ஆசாரிமாருக்கு மூச்சுவிட நேரமில்லை. என் வீட்டுக்காரர் ஒரு ஆசாரியிடம் கையாளாகச் சேர்ந்தார். நானும் அப்படி வீடு கட்டும் இடங்களில் மண் சுமந்தேன். மரத்தின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது பனையேறிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சீக்கிரத்தில் அவர் இழைக்கவும் துளை போடவும் மூட்டு சேர்க்கவும் படித்துவிட்டார். தீட்டுவதை மட்டும் படிக்கவில்லை. அந்த ஆசாரி தன் அலகுகளைப் பிறர் தொட விடமாட்டார். சாயங்காலம் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார். என் வீட்டுக்காரருக்கும் அதில் வருத்தம் இல்லை. தீட்ட வீட்டில் நான் இருக்கிறேன் என்ற தைரியம்.

அப்போது ஒரு மேஸ்திரி விடுமுறையில் வந்தார். எங்கள் பக்கத்துக்காரர்தான். பேர்ஷியாவில் பெரிய மரவேலைக் கம்பெனியில் ஆட்களை மேய்ப்பவர். கம்பெனிக்கு ஆள் வேண்டும், அமரவிளையில் ரோட்டோரத்து மரமில்லில் வைத்துப் பார்த்து எடுக்கிறார் என்று செய்தி பரவியது. ஒரே வாரத்தில் எங்கள் ஊரில் பாதி ஆண்கள் தச்சர்கள் ஆகிவிட்டார்கள். வண்டியடித்தவன் தச்சன், மீன் விற்றவன் தச்சன். அவர்களோடு ஒப்பிட்டால் என் வீட்டுக்காரர் பரம்பரைத் தச்சர் என்று சொல்லலாம்.

காட்டாக்கடைச் சந்தையில் பழைய இரும்பு விற்பவரிடம் ஒரு இழைப்புளியும் இரண்டு உளியும் வாங்கி வந்தார். இழைப்புளியை எங்கள் பக்கம் சிந்தேர் என்பார்கள். மரக்கட்டைக்குள் சாய்வாக ஒரு இரும்பு அலகு, அதன்மேல் ஒட்டி உட்கார ஒரு தகடு, அவ்வளவுதான். அலகை நான் வாங்கிக் கல்லில் தேய்த்து, பலகையில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்து, அவர் கையில் ஓட்டிப் பார்த்தேன். முடி உதிர்ந்தது.

"இனி நீங்க பேர்ஷியாவுக்குப் போயாச்சுன்னு வச்சுக்கிடுங்க," என்றேன்.

மரமில்லுக்கு நானும் போனேன். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் யாரும் உள்ளே போகவில்லை. மதிலுக்கு வெளியே அறுக்க அடுக்கி வைத்திருந்த மரத்தடிகள்மேல் ஏறி நின்றால் எல்லாம் தெரியும். நானும் வேறு சில பெண்களும் ஏறி நின்றோம். மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அரைக்கைச் சட்டை. கரடிபோல் முடி அடர்ந்த முன்னங்கை, அதில் தங்க நிறக் கைக்கடிகாரம். சென்ட் வாசனை தடிகள் வரைக்கும் வந்தது.

என் வீட்டுக்காரரின் முறை வந்தது. அயனிப் பலகையில் சிந்தேரை வைத்துத் தள்ளினார். சறுக்கியது. அழுத்தித் தள்ளினார். ஒரு இடத்தில் கடித்துப் பிய்த்தது, அடுத்த இடத்தில் மறுபடியும் சறுக்கியது. சீவல் வெளியே வராமல் சிந்தேரின் வாய்க்குள் சுருண்டு அடைத்துக்கொண்டது. குச்சியால் குத்தி எடுத்துவிட்டுத் தள்ளினார். மறுபடியும் அடைத்தது. அவர் கழுத்து வியர்ப்பது மதிலுக்கு இப்பால் நின்ற எனக்குத் தெரிந்தது.

மேஸ்திரி எழுந்து வந்து சிந்தேரை வாங்கினார். அலகைத் தட்டி எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைத் தீட்டுனது ஆருடே?"

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. "எனக்க வீட்டுக்காரியாக்கும்," என்றார்.

மில்லே சிரித்தது. மேஸ்திரி அலகை அவர் கையில் போட்டார். "பெண்ணு தொட்ட இரும்பு மரத்தைக் கடிக்காது, கேட்டியா? கொண்டு போயி மீனு வெட்டச் சொல்லு. எனக்கு லீவு தீருததுக்கு முன்ன இன்னொரு மட்டம் ஆளு எடுப்பேன். அதுக்குள்ள ஆம்பிளையா ஒருத்தன் தீட்டின அலகோட வா."

தடிகள்மேல் நின்ற மற்றப் பெண்கள் என்னைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள். எனக்கு உச்சந்தலை எரிந்தது. அந்த மேஸ்திரியின் காதில் விழும்படி ஏதாவது சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்று இருந்தது. வாய்வரை வந்தது. என் வீட்டுக்காரரின் பேர்ஷியாப் பயணத்தைக் கெடுத்துவிடக் கூடாதே என்று விழுங்கினேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் விழுங்கியதில்லை, அதனால் அது இன்றைக்கும் தொண்டையில் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்.

"சாரமில்ல, விடு பிள்ளே. மண்ணு சுமந்தாலும் கஞ்சி குடிக்கலாம்."

"மண்ணு சுமக்கப் பொறந்த கையா இது?" என்றேன். "அலகை இஞ்ச தாங்க."

அன்று வீட்டில் சாளை மீன் இருந்தது. மேஸ்திரி சொன்னபடியே அந்த அலகால் மீன் வெட்டிப் பார்த்தேன். வெண்ணெய்போல் வெட்டியது. அவர் கையில் வைத்து ஓட்டினேன். மிச்சமிருந்த முடியும் போயிற்று. கூர் இருக்கிறது, ஆனால் மரத்தில் ஓடவில்லை. என் கையில் கோளாறு இல்லை, பெண் தொட்டதிலும் கோளாறு இல்லை. வேறு எதிலோ இருக்கிறது. அது எது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது போலிருந்தது.

பெருங்கடவிளைப் பக்கம் ஒரு வீட்டு வேலைக்கு மண் சுமக்கப் போனபோது அது தெரிந்தது. கதவு வேலை செய்த ஆசாரி மத்தியானம் சாப்பிடும்முன் ஒரு அலகைத் தீட்டினார். நான் தலையில் மண்சட்டியோடு அப்படியே நின்றேன். அவர் அலகின் சரிவான பக்கத்தைத்தான் கல்லில் தேய்த்தார். மறுபக்கத்தைச் சரித்துப் பிடிக்கவே இல்லை. கல்லோடு கல்லாக அப்படியே படுக்கவைத்து, நூலளவுகூட உயர்த்தாமல் இரண்டு இழுப்பு. எடுத்துத் துடைத்துக் காயவைத்தபோது அந்தப் பக்கத்தில் வெயில் பட்டுப் பளிச்சென்றது. அவர் முகம் அதில் தெரிந்திருக்கும்.

"எட்டீ, மண்ணுக்குக் காலு முளைச்சு நடந்து வருமா?" என்று கான்ட்ராக்டர் கத்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாளை அரிவாளுக்கு இரண்டு பக்கமும் தீட்டு வேண்டும், வளைவும் வேண்டும். அதனால் என் கை தீட்டும்போது தொட்டில்போல் ஆடும். அந்தக் கையோடு நான் சிந்தேர் அலகையும் பாளை அரிவாளாக ஆக்கி வைத்திருந்தேன். மட்டமாக இருக்க வேண்டிய முதுகு உருண்டுபோய்விட்டது. அதன்மேல் உட்கார வேண்டிய தகடு சரியாக உட்காராமல், இடுக்கில் சீவல் புகுந்து அடைத்தது. சரிவான பக்கத்துக்கும் தொந்தி விழுந்திருந்தது. தொந்தி மரத்தில் முட்டினால் அலகின் வாய் எப்படி மரத்தைத் தொடும்? பனையேறி வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. கான்ட்ராக்டர் மறுபடியும் கத்துவதற்குள் மண்ணைக் கொட்டிவிட்டு ஓடி வந்தேன்.

சாயங்காலமே தொடங்கினேன். முதல் தடங்கல் என் கல். காலகாலமாக அரிவாள் ஓடி ஓடி நடுவில் உள்ளங்கைபோல் குழிந்திருந்தது. குழிந்த கல்லில் மட்டமான முதுகு எங்கிருந்து வரும்? பஞ்சாயத்துக் கிணற்றின் கருங்கல் படியில் ஆற்றுமணலும் தண்ணீரும் போட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தேன். தண்ணீர் எடுக்க வந்த பெண்களுக்கு வேடிக்கை.

"கிணத்துப் படியை அரைச்சுக் குழம்பு வைக்கப் போறியாக்கா?" என்றாள் ஒருத்தி.

"வச்சா உனக்கும் ஒரு கிண்ணம் தாறேன் மக்கா," என்று சொல்லிவிட்டுத் தேய்த்தேன். கல் மட்டமாகும் வரைக்கும் தினமும் தேய்த்தேன். தோள்பட்டை வலித்தது, ஆனால் மேஸ்திரியின் சிரிப்பு நினைவுக்கு வந்தால் வலி தெரியாது.

பிறகு அலகின் முதுகு. அதைக் கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தேன். முதலில் நடுவில் மட்டும் பளபளத்தது, ஓரங்கள் மங்கலாகவே கிடந்தன. பளபளப்பு அலகின் வாய்வரை போய்ச் சேர வேண்டும். அது கொஞ்சம் கொஞ்சமாக அரிசிக் கஞ்சி பரவுவதுபோல் பரவியது. கறுத்த தண்ணீர் வழிந்து என் சேலையெல்லாம் கறை. ஒரு நாள் அலகைத் தூக்கியபோது கல்லும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. நான் கத்திய கத்தலில் அவர் பாம்போ என்று கம்போடு ஓடி வந்தார்.

சரிவான பக்கத்துக்கு என் கை ஆட்டத்தை நிறுத்த வேண்டும். அதுதான் எல்லாவற்றிலும் பெரும்பாடு. ஆடாதே என்று கைக்குச் சொன்னால் கை கேட்குமா? கடைசியில் அம்மி நினைவுக்கு வந்தது. அம்மியில் அரைக்கும்போது மணிக்கட்டு ஆடுவதில்லை. முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும், இடுப்பிலிருந்து உடம்புதான் போய் வரும். அம்மியின் முன் உட்காருவதுபோல் முட்டி போட்டு உட்கார்ந்து, முழங்கைகளை விலாவில் ஒட்டி, உடம்பால் தள்ளினேன். தொந்தி கரைந்தது.

இதுவரைக்கும் ஆசாரிமார் செய்வதுதான். இதற்கு மேல் நான் செய்தது எங்கள் வீட்டுக் காரியம். மெத்தென்ற முருக்கு மரத்தில் ஒரு பலகை அறுத்து, மட்டமாக இழைத்துத் தரும்படி அவரிடம் சொன்னேன். வெள்ளாரங்கல்லைச் சுட்டு இடித்து, சேலைத்துணியில் மூன்றாம் முறையும் சலித்தேன். பொடி விரல் நடுவில் மாவுபோல் வழுக்கியது. பலகையில் தூவி அலகை இழுத்தேன், கை ஆடாமல், இழுக்கும் பக்கமாக மட்டும். சிந்தேரில் பூட்டிக் கொடுத்தேன். அவர் ஒரு துண்டு அயனியில் வைத்துத் தள்ளினார்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? கூர்மையான அரிவாள் பாளையில் ஓடும்போது ஒரு சீறல் கேட்கும். பனைகள் விழுந்த பிறகு நான் அதைக் கேட்டதில்லை. அதே சத்தம் எங்கள் முற்றத்தில் கேட்டது. சீவல் சுருண்டு எழுந்து அவர் மணிக்கட்டில் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவர் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

ஆனால் மறுநாளே சண்டை வந்தது. "இனி நீங்க தீட்டிப் படிக்கணும்," என்றேன்.

"அது உனக்க வேலையில்லா?"

"நான் பேர்ஷியாவுக்கு வாறேனா கூட? மில்லுக்குள்ளயாவது வருவேனா? நான் மதிலுக்கு வெளிய தடி மேலயாக்கும் நிப்பேன். அந்த ஆளு உங்க முன்னாலயே தீட்டச் சொன்னா என்ன செய்விய?"

"அப்படியெல்லாம் சொல்ல மாட்டாரு."

"சொல்லுவாரு. அந்த மூஞ்சியைப் பாத்தேனில்லா."

அவர் பிடிவாதக்காரர். பாளை அரிவாளைப் பிடுங்கிக்கொண்டவள் நான்தானே, இப்போது திருப்பிக் கொடுத்தால் வாங்குவாரா? நீங்கள் தீட்டாத நாளில் கஞ்சி வைக்க மாட்டேன் என்று சொல்லி, சொன்னபடியே வைக்காமலும் இருந்தேன். பசி வந்தபோது கல்லுக்கு முன்னால் முட்டி போட்டார். முழங்கை விலகும்போதெல்லாம் ஈர்க்குச்சியால் தட்டினேன். கூர் பார்க்க அவர் கையில் முடி மிச்சமில்லை. என் கையை நீட்டினேன்.

"எனக்க கையில பாருங்க."

அவர் தயங்கினார். பனையில் ஏறும்போது தயங்காத மனிதர் என் கையில் அலகை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். மெல்லிய பூனைமுடி பொடிபோல் உதிர்ந்தது. தோலில் ஒரு கோடுகூட விழவில்லை. அன்று கஞ்சியோடு கருவாடும் சுட்டுக் கொடுத்தேன்.

மேஸ்திரியின் விடுமுறை முடியும் தறுவாயில் இரண்டாம் முறை ஆள் எடுத்தார்கள். நான் முதலிலேயே போய்த் தடியில் நல்ல இடம் பிடித்தேன். உள்ளே வரிசை நின்றது. நான் சொன்னது சொன்னபடியே நடந்தது. மேஸ்திரி ஒரு செங்கல்லை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"எல்லாரும் அலகை இஞ்ச கொண்டு வாங்க. ஆசாரிமாரைக் கொண்டு தீட்டிச்சிட்டு வந்தவனெல்லாம் இருக்கான்னு எனக்குத் தெரியும்."

ஒவ்வொரு அலகையும் வாங்கிச் செங்கல்லின் முனையில் ஒரே இழுப்பு. கர்ரென்ற சத்தம் என் பல்லுக்குள் போயிற்று. "இனி தீட்டு. எனக்க கண்ணு முன்ன."

சிலருக்கு முகம் விழுந்துவிட்டது. ஒருவன் கழிவறைக்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் துண்டை அவிழ்த்து, கல்லையும் முருக்குப் பலகையையும் ஒரு பொடி டப்பாவையும் வெளியே எடுத்தார். மேஸ்திரிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"ஓ, பெண்ணு தீட்டுன ஆளா? இது என்னடே பலகையும் பொடியும்? பாளை சீவ வந்தியா?"

மறுபடியும் சிரிப்பு. என் வீட்டுக்காரர் கல்லைக் கீழே வைத்தார். தரையில் முட்டி போட்டார். முதலில் முதுகைப் படுக்கவைத்தார், பிறகு சரிவைத் தேய்த்தார். மற்றவர்கள் அவசர அவசரமாகத் தீட்டி எழுந்து பலகைகளில் தள்ளத் தொடங்கிவிட்டார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் கணு உள்ள பலகைகள். கணு வரும் இடத்தில் ஒவ்வொருவன் சிந்தேரும் முரண்டு பிடித்து மரத்தைப் பிய்த்தது. இவர் இன்னும் தரையிலேயே இருந்தார்.

"பொழுது போயிரும்டே, எழும்பு!" என்றார் மேஸ்திரி.

எனக்கு வெப்ராளமும் பதைப்பும் தாங்கவில்லை. அவர் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விலாவோடு ஒட்டித்தான் இருந்தது. எழுந்திருக்காதீங்க, பலகையை மறக்காதீங்க என்று மனத்துக்குள் கெஞ்சினேன். என் பக்கத்தில் நின்றவளின் கையை எந்த அளவுக்கு நெரித்தேன் என்றால், அவள் பிற்பாடு வாரக்கணக்கில் அதைச் சொல்லிக் காட்டினாள். அவர் பொடியைத் தூவினார். இழுத்தார். மீண்டும் தூவினார், மீண்டும் இழுத்தார். கையில் ஓட்டிப் பார்க்க முடி இல்லை. காதோரத்து முடியைப் பிடித்து அலகில் வைத்தார். அது சத்தமில்லாமல் துண்டாகிக் கீழே விழுந்தது. எழுந்தார்.

அலகைக் கட்டையில் பூட்டி, கொட்டாப்புளியால் தட்டித் தட்டி, வாய் வெளியே தெரிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பலகையின் தலையில் வைத்தார். தள்ளினார்.

அந்தச் சீறல் மதிலுக்கு வெளியே கேட்டது.

சீவல் அறுபடாமல் எழுந்து வந்தது. அவர் பலகையோடு நடந்தார். கணு வந்தது. நிற்கவில்லை, சத்தம்கூட மாறவில்லை. கணுவின் வட்டம் வட்டமாகவே சீவலில் எழுந்து வந்து அவர் தோள்மேல் சரிந்தது. பலகையின் கடைசிவரை போய் நிறுத்தினார். மில்லில் ஒருவரும் சிரிக்கவில்லை. மற்றவர்களின் சிந்தேர்கள்கூட நின்றுவிட்டன.

மேஸ்திரி வந்து சீவலை எடுத்தார். வெயிலுக்கு நேரே பிடித்தார். அதற்குப் பின்னாலிருந்த அவருடைய விரல்கள் எனக்கு இங்கிருந்தே நிழலாகத் தெரிந்தன. பலகையைக் கணுமேல் தடவினார், இன்னொரு முறையும் தடவினார்.

"கொள்ளாம், நல்லாருக்கு. ஆரு படிப்பிச்சது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் திரும்பி, கையை நீட்டி மதிலைக் காட்டினார். "அன்னைக்கே சொன்னேனில்லா. எனக்க வீட்டுக்காரியாக்கும்."

மில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் குனியவில்லை. தடிமேல் இன்னும் நிமிர்ந்து நின்றேன். அவ்வளவு கண்கள் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது அதற்கு முன் என் கல்யாணத்தில்தான். கல்யாணத்தில் தலையைக் குனிய வேண்டியிருந்தது.

அவரை எடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவர் பேசிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு விடவில்லை.

கிளம்புவதற்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு காலையில் எங்கள் வேலிக்கு வெளியே சென்ட் வாசனை வந்தது. பார்த்தால் மேஸ்திரி. கையில் பேர்ஷியாத் துவாலையில் ஏதோ சுற்றி வைத்திருந்தார். எங்கள் பத்து சென்டுக்குள் அப்படி ஒரு ஆள் அதுவரை கால் வைத்ததில்லை. வந்து முற்றத்தில் நின்றார். என் வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன்.

"அவனைப் பாக்க வரல்ல அக்கா," என்றார். துவாலையைப் பிரித்தார். அவருடைய சொந்தச் சிந்தேர் அலகு. நல்ல வெளிநாட்டு இரும்பு. "இதை ஒண்ணு தீட்டித் தரணும். அங்க கொண்டு போணும்."

என் ஆசை தீர அவரை நிற்க வைத்தேன். அடுப்பில் கஞ்சி கொதிக்கிறது என்று உள்ளே போய், கொதிக்காத கஞ்சியைக் கிண்டிவிட்டு வந்தேன்.

"பெண்ணு தொட்ட இரும்பு மரத்தைக் கடிக்காதே மேஸ்திரி?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது அன்னைக்கு ஒரு வாக்குக்குச் சொன்னது. விட்டுருங்க."

நான் விடவில்லை, ஆனால் அலகை வாங்கினேன். அவர் மண்ணில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு, சரிவு, பிறகு பலகை, பொடி. மனிதர் என் முழங்கையைத்தான் பார்த்தார். முடித்துத் துடைத்தேன்.

"இனி கூர் பாக்கணும்," என்றேன். "எங்க வீட்டு ஆளுக்க கையில முடி இல்ல. நீங்க கையை நீட்டுங்க."

மேஸ்திரி என்னைப் பார்த்தார், அலகைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு நீட்டினார். கரடிக்கை. என் விரல் அவர்மேல் படவில்லை, இரும்பு மட்டும்தான் பட்டது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரே ஓட்டம். முடி கொத்தாக எழுந்து அவர் மடியில் விழுந்தது. நடுவில் ரோடு போட்டதுபோல் வெளுத்த ஒரு பாதை. ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

"கடிக்குதா மேஸ்திரி?"

"கடிக்கும் அக்கா, கடிக்கும்," என்றார். கையைத் தடவிக்கொண்டே எழுந்து போனார்.

மறுவாரம் என் வீட்டுக்காரரும் அவரும் ஒரே விமானத்தில் போனார்கள். முதல் விடுமுறைக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் சொன்னார்: மண்ணே கொதிக்கிற அந்த வெயிலில் எல்லோரும் பனியனோடு வேலை செய்யும்போது, மேஸ்திரி மட்டும் மாதக்கணக்கில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பித்தானும் மாட்டிக்கொண்டு நின்றாராம். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் என்னவோ சொல்லிச் சமாளித்தாராம். என் வீட்டுக்காரரிடம் மட்டும் அவர் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.